இலை தீர்ந்தது

ஐந்து மில்லிமீட்டர் வண்டு.
அதன் குடலைக் கிழியாமல் உருவ
மூச்சை அடக்க வேண்டும்.
காபி குடித்த கை ஆகாது.
யிஹ்லவாவின் முதல் டிராலிபஸ் கம்பியில் உரசிப் போகும்போது
நான் நாற்பது வயிறுகளைத் திறந்திருப்பேன்.

உள்ளே பிசின் வாடை.
துளைத்தவனை மூழ்கடிக்க
ஸ்ப்ரூஸ் ஊற்றிய நஞ்சு அது.
மழை பெய்த ஆண்டுகளில் அது போதுமானதாக இருந்தது.
இப்போது மூன்று கோடையாக வானம் திறக்கவில்லை;
காறித் துப்ப மரத்திடம் எச்சில் இல்லை.

முதலில் வரும் ஆண் வண்டு
அந்த நஞ்சைத் தின்று
தின்றதில் ஒரு பங்கைத் திருப்பி
அழைப்பாக வெளியே விடுகிறான்:
வாருங்கள், பந்தி விரித்தாயிற்று.
மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள்.

அந்தச் சமையலில்
வண்டுக்கு எவ்வளவு பங்கு, அதன் குடலுக்குள் இருப்பவர்களுக்கு எவ்வளவு
என்று பிரித்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
குச்சி குச்சியாய் ஒரு கூட்டம். கண் கிடையாது.
காடு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.
அழைப்பு கையில் கிடைத்ததும்
இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது.
அவ்வளவுதான்,
வா என்பது போ என்று ஆகிவிடும்.
இலை தீர்ந்தது. இங்கே இனி இடமில்லை.

தட்டில் வளர்த்துப் பார்த்தேன்.
மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது
போ
என் மூக்கிலேயே ஏறியது,
கற்பூரமும் புதினாவும் கலந்தாற்போல.
எழுந்து ஆடலாம் என்றிருந்தது. கையுறை போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில்
போர்ஷிவோயிடம் இதைச் சொன்னேன்.
அவருக்கு மூன்று ஹெக்டேர்.
நோட்டீஸ் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது:
மாதம் முடிவதற்குள் வெட்டி அப்புறப்படுத்தவும்.
வெட்டும் எந்திரத்துக்கு வரிசை நீளம்; ஓஸ்டப் இருபதாம் தேதிக்கு முன் வரமாட்டான்.
வண்டு விழுந்த மரத்துக்கு விறகு விலை,
லாரி வாடகை போனால் அதுவும் இல்லை.

உருளைக்கிழங்கை நறுக்கியபடியே கேட்டார்.
கத்தி நின்றது.

“போ என்றால்
எங்கே போ?”

அடுத்த மரத்துக்கு, என்றேன்.

“கம்பெனிக் காட்டில் பந்தி நிரம்பியதும்
என் வேலிக்கு இந்தப் பக்கம் கைகாட்டியது
உன் தட்டில் வளர்வதுதான், இல்லையா?”

அப்படிச் சொல்ல முடியாது, என்றேன்.
பிறகு, சொல்லலாம்தான் என்றேன்.
அந்தக் கூட்டத்தை மருந்து வைத்துக் கொன்றால்
அழைப்பு மட்டும் அணையாமல் எரியலாம்,
ஒரே மரத்தில் எல்லோரும் குவிந்து
புழுக்கள் பட்டினியில் சாகலாம்,
அதையும் இன்னும் யாரும் சரியாக...
அவர் கேட்கவில்லை.
என் ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கையில் சிந்தியது.
துவைத்தும் போகவில்லை போலும்.
மே மாத வெயிலில் சன்னல் திறந்திருந்தது.
மணிக்கட்டில் ஒன்று. முழங்கையில் இரண்டு.
கம்பளி நூலைப் பட்டை என்று நம்பி
ஒன்று துளைக்கவே தொடங்கிவிட்டது.

“ஏழு” என்று எண்ணினார் போர்ஷிவோய்.
மூன்று ஹெக்டேரில் எண்ண முடியாததை
என் கையில் எண்ணினார்.

பையில் ஆய்வகத்துப் பொட்டலம் ஒன்று இருந்தது, நிறைய போ.
சாப்பிட்டதும் வெளியே போய்
மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்ப்ரூஸில்
அதை ஆணியடித்தோம்.
ஒரு மரத்துக்கு ஒன்று போதாது.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.

காற்று மேற்கிலிருந்து வீசியது.
கிழக்கே, வேலிக்கு அப்பால்,
யாருடையது என்று நான் கேட்காத
பச்சையாய் ஒரு சரிவு.